ஆசியான் நாடுகளும் நம் சங்ககிரிச் சீமையும்

தனி மனிதன் ஒருவன் தன் தேவைகள் அனைத்தையும் தானே ஆக்கிக்கொள்ள இயலாதவாறு போலவே, தனித் தேசம் ஒன்றும் தன் தேவைகள் அனைத்தையும் தன் எல்லைக்குள்ளேயே பெற்றுவிட இயலாது. ஆகவே தேசங்கள் ஒன்றோடொன்று உறவு பூணுகின்றன. அவ்வுறவு மூவகைப்படும். தலைவரும் தூதரும் கூடிப் பேசி மனமொத்து நிற்றல் இராஜதந்திர உறவு. கடல்வழியும் எல்லையும் அச்சமின்றி விளங்கப் படையினர் ஒத்துழைத்தல் பாதுகாப்பு உறவு. பண்டங்களைக் கொண்டும் கொடுத்தும் பயன் பெறுதல் வர்த்தக உறவு. இம்மூன்றும் தனித்தனி நிற்பன போலத் தோன்றினும், உண்மையில் முப்புரிக் கயிற்றின் இழைகள் போன்றவை. ஓர் இழை தளர்ந்தால் ஏனைய இரண்டும் பாரத்தைத் தாங்கமாட்டா.

இவ்வுண்மையை, தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமாகிய ஆசியானுக்கும் நம் இந்திய தேசத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஜகார்த்தாவிலும் டில்லியிலும் நிகழும் பேச்சுக்களால் நமக்கென்ன என்று மாணவ நண்பர் சிலர் கருதக்கூடும். சங்ககிரி மலையடிவாரத்தில் நின்று நோக்குவார்க்கு, மரவள்ளித் தோட்டத்திலும், லாரிப் பட்டறையிலும், நாமக்கல் கோழிப்பண்ணையிலும் அப்பேச்சுக்களின் விளைவு கண்கூடு.

பண்டை உறவு

கீழ்கடல் நாடுகளோடு தமிழர்க்குள்ள தொடர்பு இன்று நேற்று உண்டானதன்று. ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராஜராஜன் வழங்கினான். புத்தன் கோயிலுக்குச் சைவ மன்னன் ஊர் அளித்த இச்செயல் இராஜதந்திரத்தின் நல்ல எடுத்துக்காட்டாகும். ஆயினும் ஒரு தலைமுறை கழிவதற்குள், 1025-ஆம் ஆண்டளவில், இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின்மீதும் ஸ்ரீவிஜயத்தின்மீதும் சென்றது. கடல்வாணிபத்தில் யார் கை ஓங்குவது என்னும் போட்டியே இதற்குக் காரணம் என்பர் சரித்திர ஆசிரியர் பலர். பின்னர் மீண்டும் வணிகம் தழைத்தது. சுமத்திராத் தீவில் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு விளங்கியதைக் காட்டும். நட்பும் பகையும் வணிகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இவ்வரலாறே நாம் மேலே கூறிய முப்புரிக் கயிற்றுக்கு முதற் சான்றாகும்.

நம் சங்ககிரிக் கோட்டையும் தேசங்களின் கூட்டுறவு ஒன்றால் கைமாறியதே. 1790-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியாரும், ஐதராபாத் நிஜாமும், மராட்டியரும் திப்பு சுல்தானுக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டனர். அப்போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமையின் பெரும்பகுதி கும்பினியார் வசமாயிற்று. சங்ககிரியும் அதனுள் அடங்கிற்று. பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1805-இல், இதே கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஒருவரை வீழ்த்துதற்பொருட்டுச் செய்யும் கூட்டுறவு, வீழ்ந்தவனோடு நின்றுவிடுவதில்லை. கூடியவருள் வலியவன் மற்றவரையும் விழுங்கிவிடுகிறான். நிஜாமும் மராட்டியரும் பிற்காலத்தில் எய்திய நிலையை நினைத்தால் இது விளங்கும்.

சங்கத்தின் தோற்றம்

ஆசியான் இத்தகைய கூட்டன்று. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி, இந்தோனேஷியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் பாங்காக் நகரில் கூடி இச்சங்கத்தை நிறுவின. அவற்றுள் இந்தோனேஷியாவும் மலேசியாவும் அதற்குச் சிறிது முன்புவரை ஒன்றோடொன்று பொருதவை. அண்டை வீட்டாரோடு வழக்காடுவதினும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவது மேல் என்னும் தெளிவே இச்சங்கத்துக்கு வித்தாயிற்று. பின்னர் புரூணை, வியட்நாம், லாவோஸ், மியன்மார், கம்போடியா என்பன சேர்ந்தன. 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் பதினோராவது அங்கமாயிற்று. இதன் தலைமைச் செயலகம் ஜகார்த்தாவில் உளது. வாக்கெடுத்து வெல்லுதல் இங்கு வழக்கமன்று. அனைவரும் இசையும்வரை பேசுதலே முறை. ஒருவர் உள்நாட்டுக் காரியத்தில் மற்றவர் தலையிடலாகாது என்பதும் அவர்தம் நெறி.

நம் தேசம் நெடுங்காலம் இச்சங்கத்தைத் தொலைவிலிருந்தே நோக்கிற்று. 1991-இல் பொருளாதார நெருக்கடி நேர்ந்தபின், பிரதமர் நரசிம்மராவ் கிழக்கு நோக்கும் கொள்கையை மேற்கொண்டார். 1992-இல் சில துறைகளில் மட்டும் கலந்து பேசும் துணைநாடாக இந்தியா ஏற்கப்பட்டது. 1995-இல் முழுத் துணைநாடாக உயர்த்த முடிவாயிற்று. 2002-இல் பிரதமரும் ஆசியான் தலைவரும் நேரே கூடும் மாநாடு தொடங்கிற்று. 2003-இல், சண்டையின்றிப் பேசித் தீர்ப்போம் என்னும் தென்கிழக்காசிய நட்புறவு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. 2018-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று பத்து நாட்டுத் தலைவரும் டில்லியில் ஒருங்கே விருந்தினராக அமர்ந்தனர்.

வர்த்தக உடன்படிக்கை

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி பண்ட வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாகி, 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் சாரம் எளியது. இரு திறத்தாரும் தம்முள் வாங்கும் பண்டங்களுக்குச் சுங்கவரியைப் படிப்படியாகக் குறைப்பர். பெரும்பாலானவற்றுக்கு அடியோடு நீக்குவர். ஆனால் உழவர்க்கும் சிறு தொழிலாளர்க்கும் கேடு நேராதபடி சில பண்டங்கள் விலக்குப் பட்டியில் வைக்கப்பட்டன. காப்பி, தேயிலை, மிளகு, பாமாயில் என்பன தனிப் பட்டியிலிடப்பட்டு, அவற்றுக்கு வரி குறையுமேயன்றி முற்றும் நீங்காது என்று வரையறுக்கப்பட்டது. காப்பிக்கும் கருந்தேயிலைக்கும் நூற்றுக்கு 45 வரையும், மிளகுக்கு 50 வரையும் வரி 2019-ஆம் ஆண்டுக்குள் இறங்குவதாக ஏற்பாடு. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டக்காரரும், கொல்லிமலையில் மரத்தின்மீது மிளகுக்கொடி ஏற்றுபவரும், காப்பியும் மிளகும் மிகுதியாக விளைக்கும் வியட்நாமியரோடு ஒரே சந்தையில் நிற்க நேர்ந்ததற்கு இப்பட்டியே அரணாயிற்று.

மற்றோர் ஏற்பாடும் அறியத்தக்கது. ஒரு பண்டம் இச்சலுகை பெற வேண்டுமானால், அதன் மதிப்பில் நூற்றுக்கு 35 பங்கேனும் உடன்படிக்கை நாடுகளில் உண்டானதாதல் வேண்டும். மூலப்பொருள் வேறு பண்டமாக மாறியிருத்தலும் வேண்டும். இன்றேல் வெளிநாட்டுச் சரக்கு வெறும் முத்திரை மாற்றிக்கொண்டு சலுகையோடு உள்ளே புகுந்துவிடும்.

உடன்படிக்கையின் பலன் இரு தட்டிலும் சமமாக விழவில்லை. 2022-23-ஆம் ஆண்டில் நாம் ஆசியான் நாடுகளுக்கு விற்றது சுமார் 4,400 கோடி டாலர். வாங்கியது சுமார் 8,700 கோடி டாலர். வாங்குவதெல்லாம் நஷ்டமன்று, நம் லாரிச் சக்கரத்துக்கு இரப்பரும், அடுப்புக்கு நிலக்கரியும் அவற்றுள் அடங்கும். எனினும் இடைவெளி வளர்ந்துகொண்டே சென்றமையால், 2023 ஆகஸ்டில் இரு திறத்து மந்திரிகளும் உடன்படிக்கையை மீளாய்வு செய்ய இசைந்தனர். இதே கவலையால்தான், ஆசியானோடு சீனம், ஜப்பான் முதலிய நாடுகளும் சேர்ந்த பெரிய வர்த்தக உடன்படிக்கையினின்று 2019-இல் இந்தியா விலகிக்கொண்டது.

ஜவ்வரிசி கற்பித்த பாடம்

நிற்க, நம் சமவெளிக்கே உரிய ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜவ்வரிசி என்னும் பெயர் ஜாவா அரிசி என்பதன் திரிபு என்று கூறுவர். கீழ்கடல் தீவுகளில் சாகுப் பனையின் உட்சோற்றைப் பிசைந்து எடுத்த மாவே முதலில் இப்பண்டம் ஆயிற்று. நம் நாட்டார் அதனைக் கப்பல் வழியே வரவழைத்து உண்டனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் கைப்பட்டன. கடல்வழி அடைபட்டது, ஜவ்வரிசி வரத்தும் நின்றது. அவ்வேளையில், 1943-ஆம் ஆண்டில், சேலத்தில் மாணிக்கஞ் செட்டியாரும், மலேயாவின் தொழில்முறை அறிந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவினின்று ஜவ்வரிசி செய்யும் வழியைக் கண்டனர். அவ்வாறு தொடங்கிய தொழில் சேலம், நாமக்கல் சீமைகளில் பரவி, ஆத்தூர் முதல் இராசிபுரம் வரை நூற்றுக்கணக்கான சேகோ ஆலைகளாகப் பெருகிற்று. 1981-இல் ஆலைக்காரர் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாதுகாப்பு என்னும் இழை அறுந்தவுடன் வர்த்தக இழையும் அறுந்ததை இங்குக் காண்கின்றோம். அறுந்தபோது கைகட்டி நில்லாமல் தம் மண்ணில் விளைவதைக் கொண்டு வழி தேடியவர் பிழைத்தனர் என்பதும் காண்கின்றோம். இன்று மரவள்ளி மாவைப் பிறநாட்டுக்கு விற்பதில் தாய்லாந்து உலகில் முதலிடமும் வியட்நாம் அதற்கடுத்த இடமும் பெற்றுள்ளன. ஆகவே வரிப் பட்டியில் மாறும் ஓர் எண்ணுங்கூட, மேட்டாங்காட்டில் பத்து மாதம் கிழங்குக்குக் காத்திருக்கும் குடியானவனின் கூலியாக மாறிவிடுகிறது. இதனை மந்திரிகள் மறவாதிருத்தல் வேண்டும்.

பஞ்ச காலத்து நட்பு

வரிக் குறைப்பு ஒன்றே வர்த்தகத்தைக் காக்குமோ எனின், காவாது. 2019-ஆம் ஆண்டில் மலேசியப் பிரதமர் மகாதீர் முகம்மது காஷ்மீரத்தைப் பற்றி இந்தியாவைக் கடிந்து பேசினார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயிலின் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. ஆணையில் எந்நாட்டின் பெயரும் இல்லை. ஆயினும் மலேசிய வணிகர்க்கே பெருநஷ்டம் நேர்ந்தது. 2022 ஏப்ரலிலோ, இந்தோனேஷியா தன் குடிகளுக்கு எண்ணெய் போதவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதத்தில் மீண்டும் திறந்தது. அச்சில வாரங்களில் நம் ஊர்ப் பலகாரக் கடைக்காரரும் எண்ணெய் விலையால் தத்தளித்தனர். வரியைக் குறைப்போம் என்று எழுதிய உடன்படிக்கை, சரக்கைத் தவறாமல் கொடுப்போம் என்று எழுதவில்லை.

நம் தேசமும் அவ்வாறே செய்ததுண்டு. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்திற்று. அரிசியுண்ணும் அந்நாடுகள் கலங்கின. அப்போது பேசித் தீர்க்கும் பழக்கம் கைகொடுத்தது. தடை நீங்காதபோதே சிங்கப்பூருக்கு 50,000 டன்னும், மலேசியாவுக்கு 1,70,000 டன்னும், பிலிப்பைன்ஸுக்கு 2,95,000 டன்னும் விதிவிலக்காக இசைவு அளிக்கப்பட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, மலேசியாவில் முட்டைக்குப் பஞ்சம் வந்தபோது நாமக்கல் முட்டைகள் கடல் கடந்து சென்றன. உடன்படிக்கை மௌனமாயிருக்கும் இடத்தில் நட்பே பேசுகின்றது என்பது இந்நிகழ்ச்சிகளால் நன்கு புலப்படும்.

கடலும் சாலையும்

இவ்வளவு வாணிபமும் மலாக்கா நீரிணை என்னும் குறுகிய கடற்பாதையை நம்பியுள்ளது. அதன் மேற்குவாயில் நம் அந்தமான், நிக்கோபார்த் தீவுகள் காவலிருக்கின்றன. 1995 முதல் அங்கே மிலன் என்னும் பெயரால் நட்பு நாட்டுக் கடற்படைகள் கூடிப் பழகலாயின. 1996-இல் ஆசியானின் பாதுகாப்பு மன்றத்தில் இந்தியா இடம் பெற்றது. 2023 மே மாதத்தில் ஆசியானும் இந்தியாவும் சேர்ந்து நடத்திய முதற் கடற்பயிற்சி சிங்கப்பூரிலும் தென்சீனக் கடலிலும் நிகழ்ந்தது.

தரைவழியோ இன்னும் செவ்வனே அமையவில்லை. மணிப்பூரின் மோரே தொடங்கி மியன்மார் வழியே தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஒன்று திட்டமிடப்பட்டது. காஷ்மீரம் முதல் குமரி வரை சரக்கேற்றிச் செல்லும் நம் சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிக்காரர்க்கு இது புதிய திசையைத் திறக்கவல்லது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்ற, உள்நாட்டுப் போர் மூண்டது. சாலை வேலையும் தடைப்பட்டது. ஆசியான் அவ்வாண்டு ஏப்ரலில் ஐந்து அம்ச இணக்கம் ஒன்றை வகுத்தும் அமைதி பிறக்கவில்லை. பிறர் உள்நாட்டுக் காரியத்தில் தலையிடோம் என்னும் நெறி, நண்பர் வீடு தீப்பற்றும்போது போதாதாகிறது. இஃது அச்சங்கத்தின் குறை, மறைக்கத்தக்கதன்று.

முடிவுரை

திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல் என்னும் அதிகாரங்களைப் பொருட்பாலில் வைத்தார். நட்பு மனத்துக்கு இன்பம் தருவது மட்டுமன்று, அரசியலுக்கும் உறுப்பு என்பதே அவ்வைப்பின் கருத்தென்று கொள்ளலாம். தேசங்களின் நட்பை ஆராய்வதற்கு நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். எளியவனுக்கு அரண் உளதா? வறட்சி வந்த நாளில் வாசல் திறக்குமா? கடலும் சாலையும் அஞ்சாமல் செல்லத்தக்கனவா? ஆசியானோடு நாம் கொண்ட உறவு முதற்கேள்விக்கு ஒருவாறும், இரண்டாவதற்கு நன்றாகவும், மூன்றாவதற்குக் கடலளவிலும் விடை தந்திருக்கிறது. எஞ்சியதைத் தேடுதல் இனி வருவோர் கடன்.

நம் கல்லூரியில் பயின்று வெளியேறுவோருள் சிலர் சுங்க அதிகாரிகளாகவும், சிலர் வணிகராகவும், சிலர் தூதராகவும் விளங்கக்கூடும். அன்று அவர்கள் கையிலிருக்கும் வரிப் பட்டியில் ஓர் எண்ணைத் திருத்துமுன், சங்ககிரிச் சீமையில் கிழங்கு பிடுங்கும் ஒரு குடும்பத்தையும், ஜாவாத் தீவில் எண்ணெய்ப் பனை வளர்க்கும் ஒரு குடும்பத்தையும் ஒருங்கே நினைப்பாராயின், அவ்வுடன்படிக்கை நிலைபெறும் என்பது எம் துணிபு.