பழி போட ஒரு பட்டிக்காட்டான்!

இராணுவத்தில் பெண்கள் தலைமைப் பொறுப்பு ஏற்கலாமா, கூடாதா என்ற வழக்கு டில்லி உச்சநீதிமன்றத்தில் நடந்தபோது மத்திய சர்க்கார் எழுதிக் கொடுத்த வாதம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டில் தீர்ப்பான வழக்கு அது. வாதத்தின் சாரம் இதுதான்: சிப்பாய்களிற் பெரும்பாலோர் கிராமத்து ஆண்கள், அங்குள்ள சமூகப் பழக்கத்திலே வளர்ந்தவர்கள், பெண்ணொருத்தி தலைவியாக நின்று உத்தரவிட்டால் அதை ஏற்கும் பக்குவம் அவர்கள் மனத்துக்கு இன்னும் வரவில்லை!

கேட்டீர்களா தோழர்களே! தடை போட்டவர் தலைநகரிலே தங்குபவர். கோப்பிலே கையெழுத்திட்டவர் குளிரூட்டிய அறையிலே குந்தியிருப்பவர். பழி மட்டும் பட்டிக்காட்டான் தலையிலே!

யார் அந்தப் பட்டிக்காட்டான்? நம் அண்ணன். நம் தம்பி. நம் மகன். கருக்கலில் எழுந்து கழனிக்குப் போகும் தாயின் வயிற்றிலே பிறந்தவன். அந்தத் தாய் நாற்று நட்டாள், களை பறித்தாள், கதிர் அறுத்தாள், கடன்காரனுக்குப் பதில் சொன்னாள். அவள் சொல் கேட்டு வளர்ந்தவன்தான் இந்தச் சிப்பாய். பெண் சொல்லை ஏற்கும் பக்குவம் இல்லாதவன் என்று அவனுக்குச் சான்றிதழ் எழுதித் தர இவர்கள் யார்? அவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதைவிட வேடிக்கை ஒன்று. சிப்பாயின் மனத்தைக் கேட்டுத்தான் இராணுவம் எப்போதும் உத்தரவு போடுகிறதா? சியாச்சின் பனிமலையிலே நில் என்றால் நிற்கிறான். இராஜஸ்தானத்து மணலிலே படு என்றால் படுக்கிறான். பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று விடுமுறை கேட்கிறான். இல்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பாராவுக்குப் போகிறான். அப்போதெல்லாம் அவன் மனம் என்ன பாடுபடும் என்று எந்த வாதத்திலும் ஒரு வரி எழுதக் காணோம். பெண் அதிகாரி என்றதும் மட்டும் அவன் மனம் மணிமண்டபமாகிவிட்டது! அதிலே ஒரு கீறல் விழக்கூடாதாம்!

நடப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். பெண் இன்ஸ்பெக்டருக்குச் சல்யூட் அடிக்க மாட்டேன் என்று எந்தக் கிராமத்துக் கான்ஸ்டபிளும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரவில்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் 1986இலேயே பெண்களுக்கென ஒரு பட்டாலியனை அமைத்தது. 2007இல் ஐ.நா. சபையின் அமைதிப் பணிக்காக ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டுக்கு இங்கிருந்து போன போலீஸ் அணி, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் கொண்ட அணி. உள்நாட்டுப் போரால் சிதைந்த நாட்டின் தெருக்களிலே அவர்கள் துப்பாக்கி ஏந்தி ரோந்து வந்தார்கள்.

அந்த வாதத்தை 2020 பிப்ரவரி 17இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி இருவரும் அளித்த தீர்ப்பு அது. மாறவேண்டியது பெண்ணல்ல, மனப்போக்கு என்பதே அதன் உட்பொருள். டில்லி உயர்நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகச் சொன்னது 2010இல். பத்தாண்டுகள் அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சர்க்கார் வழக்காடியது, சொந்த நாட்டுப் பெண் அதிகாரிகளோடு!

வழக்கு எதற்காக என்பதை ஆலைத் தொழிலாளித் தோழர்கள் எளிதிலே புரிந்துகொள்வர். பெண் அதிகாரியை ஐந்தாண்டுக்கு எடுப்பார்கள், பத்தாக நீட்டுவார்கள், பதினான்கு வரை இழுப்பார்கள், பிறகு போய் வா என்பார்கள். பென்ஷனுக்கோ இருபதாண்டு வேண்டும்! ஆண்டுக்கணக்கில் பதிலியாகவே வைத்திருந்து, நிரந்தரம் கேட்டால் கதவைக் காட்டும் மில் முதலாளியின் கணக்குக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? (2022இல் வந்த அக்னிபத் திட்டம் ஆண் சிப்பாய்களையும் நான்காண்டுப் பதிலிகளாக்கி, நாலில் ஒருவருக்கு மட்டுமே நிரந்தரம் என்றது. அது தனிக் கதை. தனியாகவே பேசவேண்டிய கதை.)

"போர் என்பது புகழ்மாலையா, பெண்ணுக்கும் பங்கு கேட்க? பிள்ளைகளைப் பறிகொடுத்தது போதாதா?" என்று நம்மிலேயே சில தோழர்கள் கேட்கிறார்கள். போருக்குப் பரணி பாட நாம் புறப்படவில்லை. படை என்று ஒன்று இருக்கும்வரை அதிலே சம்பளம் இருக்கிறது, பதவி இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, ஊரார் தரும் மதிப்பு இருக்கிறது. இன்ன உறுப்போடு பிறந்தாய், ஆகவே இன்ன வேலைக்கு மேல் ஆசைப்படாதே என்பதை நாம் ஏற்பதற்கில்லை. பிறப்பைக் காட்டித் தொழிலை வகுத்த கொடுமையை அனுபவித்தவர்கள் நாம். அதே அளவுகோலை நம் மகளுக்குப் பிடிக்க நாமே கை நீட்டுவதா?

வேலு நாச்சியாரைச் சாட்சிக்கு அழைக்கலாம். அழைக்கப் போவதில்லை. அவர் அரசி, அரண்மனையில் பிறந்தவர், "அது விதிவிலக்கு ஐயா" என்று எதிர்வாதி எழுந்துவிடுவார். நாம் அழைக்கும் சாட்சி, மலேயாவின் இரப்பர்த் தோட்டத்துத் தமிழச்சி.

1943 ஜூலையில் சிங்கப்பூரிலே சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவை அறிவித்தார். ஜான்சி ராணிப் படை என்று பெயர். தலைமை ஏற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர் யார்? அவர்களிலே பெரும்பகுதி, விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்த தோட்டத்துப் பெண்கள். கங்காணியின் ஏச்சுக்கும் துரையின் பூட்ஸுக்கும் நடுவே வளர்ந்தவர்கள். இந்திய மண்ணையே பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தனர். பால்வாளி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. சேலை போய்க் காற்சட்டை வந்தது. அணிவகுத்தார்கள், குறிபார்த்துச் சுட்டார்கள், 1944இல் பர்மாவுக்கும் போனார்கள்.

போர்முனையிலே நேருக்கு நேர் மோதும் வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை. இதை மறைத்துப் பெருமை பேசவேண்டிய தேவை நமக்கில்லை. மருத்துவ நிலையங்களிலே காயம்பட்டவரைக் காத்தார்கள். படை பின்வாங்கியபோது, 1945இல், விமானங்களின் குண்டுக்கு ஒளிந்து இரவிலே நடந்து திரும்பினார்கள். ஆனால் ஒன்று: தோட்டத்துக் கூலிப் பெண்ணைச் சிப்பாயாக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பயிற்சிக் கூடமே விடை சொல்லிவிட்டது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள்! நாடு விடுதலை பெற்றது. 1950இல் சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் இராணுவச் சட்டம் இயற்றியது. அதன் 12ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மத்திய சர்க்கார் அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர, வேறெதிலும் பெண் சேரத் தகுதியில்லை! வெள்ளையனை விரட்டத் துப்பாக்கி தூக்கலாம். வெள்ளையன் போனபின் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போ! டாக்டராக வரலாம், நர்சாக வரலாம். மற்றபடி கதவு பூட்டு. அந்தப் பூட்டு முதன்முதலாக நெகிழ 1992 வரை ஆயிற்று. நெகிழ்ந்தபோது பெண் அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த இடம் எது? நம் சென்னைப் பரங்கிமலை!

இப்போது நிலை என்ன? விமானப் படையில் 2016இல் மூன்று பெண்கள் போர் விமானிகளாயினர். சோதனை என்று தொடங்கியது 2022இல் நிரந்தரமாயிற்று. 2023 ஏப்ரலில், அதே பரங்கிமலையில் பயிற்சி முடித்த ஐந்து பெண் அதிகாரிகள் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு ஜனவரியில் சியாச்சினில், பதினையாயிரம் அடிக்கு மேலே, ஒரு பெண் காப்டன் பணிக்கு நின்றார். தேசிய பாதுகாப்பு அகாடமியின் கதவை உச்சநீதிமன்றம் 2021இல் திறக்க வைத்தது. 2025 மே மாதம் 17 பெண்கள் முதன்முதலாகப் படிப்பு முடித்து வெளிவந்தனர்.

இத்தனைக்கும் பிறகு, 2025 வரையிலும் காலாட்படையில் இடமில்லை, டாங்கிப் படையில் இடமில்லை. ஆகாயத்திலிருந்து குண்டு போடலாம். பல கல் தொலைவுக்குப் பீரங்கி வெடிக்கலாம். தோளிலே துப்பாக்கி மாட்டிக் காலாட்படையோடு நடக்கக் கூடாது! எந்தத் தர்க்கநூலில் படித்த தர்க்கம் இது?

"உடல்வலு" என்பார்கள். சரி, பேசுவோம். அமெரிக்க மரைன் படை 2015இல் ஒரு சோதனை நடத்தியது. ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்கள், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களைவிடப் பெரும்பாலான வேலைகளில் முந்தின. உண்மை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆண்களிலேயே பெரும்பகுதியினர் தோற்றுத் திரும்பும் ரேஞ்சர் பயிற்சியை அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு பெண்கள் முடித்துக் காட்டினர். அதுவும் உண்மை. சராசரியை யாரும் படையில் சேர்ப்பதில்லை, ஆளைத்தான் சேர்க்கிறார்கள். மூட்டை இவ்வளவு எடை, தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று கோடு போடுங்கள். தாண்டியவள் வரட்டும், தாண்டாதவன் போகட்டும். சலுகை கேட்கவில்லை.

ஆனால் கோட்டை நேர்மையாகப் போடவேண்டும். 2020 தீர்ப்புக்குப் பின் நடந்த சூழ்ச்சியைக் கேளுங்கள். நிரந்தரப் பதவிக்கு உடற்தகுதி பார்த்தார்கள். ஆண்களுக்கு அந்தத் தகுதியை இருபத்தைந்து, முப்பது வயதிலே பார்த்தவர்கள், ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த பெண்களுக்கு நாற்பதைத் தாண்டியபின் அதே தகுதியைக் கேட்டார்கள்! காலம் தாழ்த்தியவர் இவர், தண்டனை அவளுக்கு! 2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மறுபடியும் தலையில் குட்டவேண்டியிருந்தது.

நம் கவலை இன்னும் ஒன்று. இதுவரை திறந்த கதவுகளிற் பெரும்பாலானவை அதிகாரிகளுக்கான கதவுகள். பட்டம் பெற்றவர், வக்கீல் வைத்து வழக்காட முடிந்தவர் தட்டித் திறந்தவை. அவர்கள் வென்றது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பத்தாவது படித்த கூலிக்காரன் மகளுக்கு? கடற்படையில் மாலுமியாகலாம், 2023 மார்ச்சில் 270க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே பயிற்சி முடித்தனர். தரைப்படையில் சாதாரணச் சிப்பாய் வேலைக்கு அவளுக்குத் திறந்த வாசல், 2025 வரையில், ஒன்றே ஒன்று: இராணுவப் போலீஸ். 2021 மே மாதம் முதல் அணியாக வெளிவந்தவர் 83 பேர். ஆளெடுப்பு முகாமுக்கு அண்ணனும் தங்கையும் போனால், அண்ணன் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்டுக்குப் போகலாம், பீரங்கிக்குப் போகலாம், பொறியியல் பிரிவுக்குப் போகலாம். அண்ணனைவிட வேகமாக ஓடினாலும் தங்கைக்கு அந்த ஒரு வாசல்தான்.

இதை மாற்ற நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. அரசியல் சட்டத்தைத் தொடவேண்டியதில்லை. அந்த 12ஆம் பிரிவே வழி வைத்திருக்கிறது: எந்தப் பிரிவில் பெண் சேரலாம் என்பதை மத்திய சர்க்கார் கெஜட்டிலே அறிவித்தால் போதும். 1992இல் அப்படித்தான் செய்தார்கள். ஒரு தாள், ஒரு கையெழுத்து. டில்லியிலே பேனா இருக்கிறது. அதைப் பிடிக்கும் கை எந்தப் பட்டிக்காட்டானுடையதும் அன்று.