டியூரரின் ‘ஆதாமும் ஏவாளும்’ (1504): கறுப்பு வெள்ளைச் செதுக்கோவியத்தில் சோதனையும் கள்ளமின்மையின் இழப்பும்

நியூரம்பர்க் நகர ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1504இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ‘ஆதாமும் ஏவாளும்’ ஏறத்தாழ 25 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்டது. வெண்மையைக் கள்ளமின்மையாகவும் கருமையைப் பாவமாகவும் கொண்டு இதனை வாசிக்க முற்படுவது இயல்பே. ஆயின் படம் அதற்கு இடந்தரவில்லை. பாம்பின் வாயிலுள்ள கனியை ஏவாளின் கை தொட்டுவிட்டது. ஆதாம் காணாதவாறு மற்றொரு கையில் இன்னொரு கனியும் உள்ளது. எனினும் இருள்செறிந்த கானகத்தின் முன் இருவர் உடலும் ஒருபடித்தாகவே ஒளிர்கின்றன.

செதுக்கோவியத்தில் மை உளி கீறிய பள்ளங்களில் மட்டுமே தங்கும். வெண்மை என்பது தாளே. ஒளிரும் அவ்வுடல்களிலும் நுண்கோடுகளும் புள்ளிகளும் பரவியுள்ளன. 1507இல் டியூரர் இதே பொருளில் தீட்டிய, இன்று மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள, இரு ஓவியங்களில் கனிக்கு நிறமுண்டு. இங்கோ கனி, இலை, பாம்பு ஆகிய மூன்றும் ஒரே மையின் கோடுகள். சோதனைக்கெனத் தனி அடையாளம் இல்லை.

எல்க் மான், எருது, முயல், பூனை ஆகியவற்றை மனிதனின் நால்வகை உடற்பண்புகளாக எர்வின் பனோஃப்ஸ்கி (1943) விளக்கினார். வீழ்ச்சிக்கு முன் அவை சமநிலையில் இருந்தன என்பது அதன் அடிப்படை. இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. எனினும் பூனைக்கு முன்னே, ஆதாமின் காலருகே, எலி ஒன்றும் உள்ளது. பூனை இன்னும் பாயவில்லை. படத்தின் காலத்தை அளப்பது இவ்விணையே. கருப்பொருள்வழி கூறாததை உணர்த்தும் நம் உள்ளுறையை இது நினைவூட்டும். ஆயினும் அவ்விலக்கணத்தை அப்படியே இதன்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இலைகளே உண்மையான சிக்கல். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் உடலை மறைத்தல் கனியை உண்ட பின்னரே நிகழ்கிறது. இங்கு உண்ணுமுன்பே இருவரையும் இலைகள் மறைக்கின்றன. இதனை நாகரிகம் கருதிய மரபு என்று கடந்துவிடுவோர் உளர். அவ்விலைகள் யாரிடமிருந்து மறைக்கின்றன என்ற வினா அப்போதும் எஞ்சும். ஆதாமும் ஏவாளும் அவற்றை அறிந்தவராகத் தோன்றவில்லை. நாம் நிற்கும் திசையிலிருந்தே அவை மறைக்கின்றன. ஆகவே படத்தில் ஏற்கெனவே இழக்கப்பட்ட கள்ளமின்மை காண்போருடையது என்பதே இக்கட்டுரையின் வாசிப்பு.

ஆதாம் பற்றிய கிளையில் ஓவியர் பெயரும் ஆண்டும் பொறித்த பலகை தொங்குகிறது. அதன் இலத்தீன் வினை ‘ஃபாசியேபாத்’ முடிவுறா இறந்தகாலம்: ‘செய்தான்’ அன்று, ‘செய்துகொண்டிருந்தான்’.