வௌவால்களுக்கு ஏன் சிவப்பு விளக்கு?

நெதர்லாந்தின் நியூகோப் பகுதியில் 2018இல் ஒரு புதுக் குடியிருப்பின் தெருக்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. அலங்காரத்துக்காக அல்ல, அங்கே திரியும் வௌவால்களுக்காக.

ஏன்? வெளிச்சத்தில் பறந்தால் ஆந்தையின் கண்ணில் படும் அபாயம் அதிகம். அதனால், மெதுவாகப் பறக்கும் நீள்செவி வௌவால்கள் விளக்கொளியைக் கண்டாலே விலகுகின்றன. தங்குமிடத்துக்கும் இரை தேடும் இடத்துக்கும் நடுவே விளக்கு வரிசை வந்தால் வழி அடைபடுகிறது. சுற்றிப் போவதில் வேட்டை நேரமும் தெம்பும் வீணாகின்றன. வேகமாகப் பறக்கும் பிபிஸ்ட்ரெல் வௌவால்களோ விளக்கை மொய்க்கும் பூச்சிகளைத் தேடி வருகின்றன.

சிவப்பு எப்படி உதவுகிறது? டச்சு ஆய்வாளர்கள் காட்டோரங்களில் வெள்ளை, பச்சை, சிவப்பு விளக்குகளை நட்டு, வௌவால்களின் மீயொலியைப் பதிவு செய்தனர். 2017இல் முடிவு வெளியானது. ஒளிக்கு அஞ்சும் இனங்கள் வெள்ளை, பச்சை வெளிச்சத்தைத் தவிர்த்தன. சிவப்பில், இருட்டில் நடமாடுவதுபோலவே நடமாடின.

ஆனால், சிவப்பு எல்லா இனங்களுக்கும் ஏற்றதல்ல. லாட்வியாவில் வலசை போகும் சில வௌவால்கள் சிவப்பு விளக்கை நாடி வந்தன. எனவே, நிறத்தை மாற்றுவதைவிட வெளிச்சத்தைக் குறைப்பதே நம்பகமான வழி: தேவையற்ற விளக்குகளை அணைப்பது, மற்றவற்றுக்கு மறைப்பு வைத்து ஒளியைத் தரைநோக்கித் திருப்புவது, வௌவால்கள் தங்கும் இடத்தின் வாயிலையும் மரவரிசைகளையும் இருட்டாகவே விடுவது.