பலகை இணைக்கும் பிஸ்கட்: கடை அலமாரி செய்வோர் கவனத்திற்கு

நம் சங்க அன்பர்கள் பலர் பழைய மரத்தட்டுகளை எடுத்துவிட்டு, பிளைவுட்டில் அலமாரியும் மேசையும் செய்து கடையைப் புதுப்பித்து வருகிறார்கள். வேலைக்கு வரும் தச்சர், "ஆணியே வெளியில் தெரியாது, பிஸ்கட் போட்டு இணைத்துத் தருகிறேன்" என்று சொல்லக்கூடும். அது எதற்கு ஏற்றது, எதற்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டு வேலை கொடுத்தால் பின்னால் சரக்கும் தப்பும், பணமும் தப்பும்.

இந்தப் பிஸ்கட் என்பது பீச் என்னும் மரத்தை இயந்திரத்தில் அழுத்தி, படகு வடிவில் வெட்டிய சிறு சில்லு. கனம் ஏறத்தாழ 4 மி.மீ. சாதாரணமாக 0, 10, 20 என்று மூன்று எண்களில் கிடைக்கும். பெரியதான 20-ஆம் எண் 56 மி.மீ. நீளமும் 23 மி.மீ. அகலமும் உள்ளது. மரத்தூள் பலகை புதிதாகப் புழக்கத்துக்கு வந்த 1950-களில், அதை இணைக்க வழி தேடிய சுவிட்சர்லாந்து தச்சர் ஹெர்மன் ஸ்டைனர் கண்டுபிடித்த முறை இது.

காடி வெட்டுவதற்கென்று கையில் பிடிக்கும் மின்கருவி ஒன்று உண்டு. அதைப் பலகையின் விளிம்பில் வைத்துத் தள்ளினால் உள்ளிருக்கும் வட்ட ரம்பம் வெளியே வந்து பிறை போல ஒரு காடி வெட்டும். கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இணைய வேண்டிய இரு பலகைகளிலும் ஒரே நேராகப் பென்சில் கோடு போட்டு, எதிரெதிரே காடி வெட்டி, பசை விட்டு, நடுவில் பிஸ்கட்டைச் செருகிச் சேர்க்க வேண்டும். காடி பிஸ்கட்டைவிடச் சற்று நீளமாக இருப்பதால் ஓரிரு மி.மீ. நகர்த்திச் சரிசெய்ய இடம் இருக்கும்.

இதன் சூட்சுமமே பசையில்தான் இருக்கிறது. பெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் உள்ள நீரை உறிஞ்சி, அழுத்தப்பட்ட மரம் காடிக்குள் உப்பி இறுகிக்கொள்கிறது. ஆகவே பிஸ்கட்டில் மட்டும் தடவினால் போதாது. காடியின் இரு சுவர்களிலும் பசை படவேண்டும். மைக்கா ஒட்டும் ரப்பர் பசையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் நீர் இல்லை, பிஸ்கட் உப்பாது, இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவர்கள் செய்யும் காரியம் இது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தபின் கிளாம்ப் போட்டு ஒரு மணி நேரமாவது விடவேண்டும். ஒரு நாள் கழியும் முன் சரக்கு ஏற்றக்கூடாது.

நாம் விற்கும் பிஸ்கட்டைப் போலவே இதுவும் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். பெட்டி திறந்து கிடந்தால் மழைக்காலத்தில் முன்கூட்டியே உப்பி, காடிக்குள் நுழையாது. தச்சர் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்த்தால் பிளைவுட் விளிம்பு பிளக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேசையின் மேற்பலகைக்காக இரண்டு பலகைகளை ஒட்டி அகலமாக்க, ஷோகேஸ் முகப்புச் சட்டத்தைப் பொருத்த, பெட்டியின் மூலைகளைச் சேர்க்க இம்முறை மிக நேர்த்தியானது. 15 முதல் 20 செ.மீ.க்கு ஒன்று போட்டால் போதும். மேடு பள்ளம் இல்லாமல் பலகைகள் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனால் சுமை தாங்கும் தட்டுகளைப் பிஸ்கட்டை மட்டும் நம்பி மாட்டக்கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். 1 லிட்டர் எண்ணெய் பாக்கெட் சுமார் 910 கிராம். 3 அடித் தட்டில் 60 பாக்கெட் அடுக்கினால் சுமார் 55 கிலோ ஆகிவிடுகிறது. அரிசியோ சர்க்கரையோ வைத்தால் இன்னும் கூடும். துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் செய்து பழகியவருக்கு மளிகைக்கடையின் பாரம் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும். அத்தனை பாரத்தையும் நான்கைந்து மரச்சில்லுகள் சுமப்பதைவிட, நிற்கும் பலகையில் 6 மி.மீ. ஆழத்துக்கு முழு நீளக் காடி எடுத்து அதில் தட்டை உட்கார வைப்பதே முறை. அதுவும் போதாதென்றால் அடியில் ரீப்பர் கட்டை வைத்துத் திருகாணி போடச் சொல்லுங்கள். அழகு சற்றுக் குறையும், அவ்வளவுதான். எந்த இணைப்பானாலும் 18 மி.மீ. பலகையை 2½ அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விட்டால் நடுவில் தொய்யும்.

செலவைக் குறைக்க மரத்தூள் பலகையில் செய்து தருவதாகச் சொன்னால், தண்ணீர் தெளித்துப் பெருக்கும் கடைகளுக்கு அது சரிவராது. அடிப்பக்கம் ஊறி உதிர்ந்துவிட்டால் இணைப்பு மட்டும் என்ன செய்யும்?

12 மி.மீ. பலகையின் நடுவே, அதாவது விளிம்பில் அல்லாமல் முகப்பில், 20-ஆம் எண்ணுக்குக் காடி வெட்டினால் ரம்பம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அங்கே சிறிய 0 எண்தான் ஆகும். கல்லாப்பெட்டி இழுப்பறைக்கு அதுவும் வேண்டாம். நாளைக்கு நூறு தடவை இழுத்து மூடுகிற பெட்டி அது. அதற்கு நம் ஆசாரிகள் உளியால் எடுக்கும் புறாவால் இணைப்பையே கேட்டு வாங்குங்கள். கூலி கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.