திறந்த மூலக் கணினியில் ஒலி, ஒளிப் பதிவுகள் இயங்காமை: யாழ்ப்பாணத்து ஆவணப் பேணலை முன்வைத்து ஒரு விளக்கம்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. இதனாலேயே ஆவணப் பேணல் என்றதும் ஏடும் தாளும் முதற்கண் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் குடாநாட்டின் பண்பாட்டு வாழ்வில் ஒரு பெரும்பகுதி தாளில் ஏறாதது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசை நாடகம், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில், ஊர்க் கூத்துகள், கோயில் திருவிழாக் கச்சேரிகள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள் ஆகியன ஒலிநாடாக்களிலும் ஒளிநாடாக்களிலும் தங்கியவை. பின்னர் இறுவட்டுகளும் கைப்பேசிகளும் அவற்றோடு சேர்ந்தன. இவை இன்று கணினிக் கோப்புகளாக மாற்றப்பட்டு வருகின்றன.

நூலைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். ஒலிக் கோப்பைக் கேட்பதற்கோ இடையில் ஒரு பொறியமைப்பே வேண்டும். அவ்வமைப்பில் ஓரிடம் பிழைத்தாலும் கோப்பு ஊமையாகிவிடும். கோப்பு வட்டில் முழுமையாக இருக்கவும், அது பழுதடைந்துவிட்டதெனக் கருதிக் கைவிடுவோர் உளர். பெரும்பாலான கோப்புகள் இயங்காமைக்குக் காரணம் கோப்பின் அழிவன்று என்பதையும், காரணத்தைப் படிமுறையாகக் கண்டறியலாம் என்பதையும், அக்காரணங்களுட் சில தொழில்நுட்பத்தையன்றிச் சொத்துரிமையைச் சார்ந்தவை என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திறந்த மூல முறைமையும் ஆவணப் பணியும்

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கரு நிரலும் இணைந்து உருவானதே நாம் இன்று லினக்ஸ் எனச் சுருக்கமாகக் குறிப்பிடும் பணிசெயல் முறைமை. இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமின்றிப் பகிரலாம். உபுந்து, டெபியன், பெடோரா, லினக்ஸ் மின்ற் என்பன இதன் வெவ்வேறு வழங்கல்கள்.

ஈழத்துத் தமிழ் ஆவணப் பேணலில் திறந்த மூல மென்பொருளுக்கு அடிப்படையான இடம் உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது. ஒலி, ஒளி, நிழற்பட ஆவணங்களுக்கான அதன் 'ஆவணகம்' ஐலண்டோரா என்னும் மற்றொரு திறந்த மூல மென்பொருளின்மீது கட்டப்பட்டது. சனசமூக நிலையங்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் உள்ள பழைய கணினிகளுக்கும் இம்முறைமை ஏற்றது. புதிய வணிக முறைமைகள் ஏற்க மறுக்கும் கணினிகள் இதனால் மேலும் பல ஆண்டுகள் பயன்படுகின்றன. எனினும் இம்முறைமைக்குப் புதிதாக வருவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று, முன்பு இயங்கிய பாட்டோ படமோ இங்கு இயங்காமையே.

2. கோப்பின் அமைப்பு

கோப்புப் பெயரின் இறுதியில் நிற்கும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. போன்ற குறிகள் உள்ளடக்கத்தின் தன்மையை முழுமையாகச் சொல்வதில்லை. இதனை ஏட்டுச்சுவடியோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். சுவடியின் சட்டமும் கயிறும் ஏடுகளை வரிசை குலையாது காப்பன. ஏட்டிலுள்ள எழுத்தோ தமிழாக இருக்கலாம். கிரந்தமாகவோ வட்டெழுத்தாகவோ இருக்கலாம். கயிற்றை அவிழ்க்கத் தெரிந்தவர் யாவரும் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவராகார்.

எம்.பி.4 என்பது சட்டமும் கயிறும் போன்றது; இதனைக் கொள்கலன் என்பர். உள்ளே ஒலியும் ஒளியும் தனித்தனியே சுருக்கிக் குறியாக்கப்பட்டிருக்கும். குறியாக்கவும் மீள விரிக்கவும் பயன்படும் முறையே கோடெக் எனப்படுவது. எம்.பி.3, எச்.264, எச்.இ.வி.சி., ஓபஸ் என்பன கோடெக்குகள். ஒரே கணினியில் ஓர் எம்.பி.4 இயங்க மற்றொன்று இயங்காமையும், படம் தெரிய ஒலி கேளாமையும் இவ்வேறுபாட்டின் விளைவுகளாகலாம்.

ஆதலின் முதற் பணி கோப்பினுள் யாது உள்ளது என அறிதல். வீ.எல்.சீ. இயக்கு நிரலின் கருவிகள் பட்டியலிலுள்ள கோடெக் விவரம் இதனைக் காட்டும். வீ.எல்.சீ. கோப்பைத் திறக்கவே மறுப்பின், எவ்.எவ்.எம்பெக் தொகுதியிலுள்ள புரோப் என்னும் ஆய்வுக் கட்டளையை முனையத்தில் இயக்கலாம். இவ்விரண்டும் திறந்த மூல மென்பொருள்களே. முன்னது 1996இல் பிரான்சிலுள்ள பொறியியற் கல்லூரியொன்றில் மாணவர் முயற்சியாகத் தொடங்கியது. பின்னது 2000இல் பப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. இன்று எண்ணற்ற மென்பொருள்களின் உள்ளே நின்று பணிபுரிகிறது.

3. படிமுறைத் தேடல்

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோய், பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தியும் ஒலிநாடாப் பாடல்களும் கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். அதனை நேரோட்டமாக்க டயோட்டும், இரைச்சலைக் குறைக்கக் கொள்ளளவியும் வேண்டியிருந்தன. ஒலி நின்றால் சில்லு சுழல்கிறதா, டைனமோ சில்லைத் தொடுகிறதா, கம்பி அறுந்ததா, டயோட்டு எரிந்ததா என ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தனர். மின்னோட்டம் செல்லும் வழியை அறிந்திருந்தமையால் பழுதின் இடத்தையும் அவர்களால் அறிய முடிந்தது.

கணினியில் ஒலி செல்லும் வழியும் இவ்வாறே பகுக்கத்தக்கது. கோப்பிலிருந்து இயக்கு நிரல், கோடெக், ஒலி முகாமை நிரல், சாதனச் செலுத்தி, ஒலிபெருக்கி என்பது அதன் வரிசை. சாதனச் செலுத்திகள் அல்சா என்னும் பெயரில் லினக்ஸ் கருவினுள்ளேயே உள்ளன. ஒலி முகாமையைப் பல்லாண்டு பல்ஸ்ஓடியோ செய்தது. 2021இல் பெடோரா தொடங்கி வைத்தபின், வழங்கல்கள் பலவற்றில் அவ்விடத்தைப் பைப்வயர் ஏற்றுள்ளது.

முதலில் வேறொரு கோப்பை இயக்கிப் பார்க்கவேண்டும். அது இயங்கின் குறை முதற் கோப்பிலோ அதன் கோடெக்கிலோ உள்ளது. எக்கோப்பும் ஒலிக்காவிடின் ஒலி முகாமைச் சாளரத்தைத் திறந்து, கோப்பு ஓடுகையில் ஒலியளவுக் கோடு அசைகிறதா என நோக்கவேண்டும். கோடு அசைந்தும் ஒலி கேளாவிடின், குறை அதற்குக் கீழே செலுத்தியிலோ கம்பியிலோ ஒலிபெருக்கியிலோ உள்ளது. பலவேளை ஒலி திரையின் எச்.டி.எம்.ஐ. வழியே சென்றுகொண்டிருக்கும். வெளியீட்டுச் சாதனத்தை மாற்றித் தெரிந்தால் இது தீரும். கோடு அசையாவிடின் குறை மேலே, இயக்கு நிரலிலோ கோடெக்கிலோ உள்ளது. இவ்வொரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

படம் விட்டுவிட்டு ஓடுவதும், பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிவதும் வேறு வகையின. கோடெக்கை விரிக்கும் பணியை வரைகலைச் சில்லிடம் ஒப்படைக்கும்போது செலுத்தி பொருந்தாவிடின் இது நிகழும். வீ.எல்.சீ. அமைப்புகளில் வன்பொருள் வழி விரித்தலை நிறுத்திப் பார்ப்பது முதற் பரிகாரம். 2013இல் வரையறுக்கப்பட்ட எச்.இ.வி.சி. முறையில் இன்றைய கைப்பேசிகள் பல பதிவு செய்கின்றன. அதற்கு முற்பட்ட கணினிகள் பலவற்றால் அதனை உரிய வேகத்தில் விரிக்க இயலாது. அங்கு மூலத்தைத் தொடாது வைத்து, பார்ப்பதற்கென எச்.264 முறையில் ஒரு படியை எவ்.எவ்.எம்பெக் கொண்டு ஆக்கிக்கொள்ளலாம்.

4. உரிமம் விதித்த மௌனம்

புதிதாக நிறுவிய லினக்ஸ் கணினியில் படம் ஓடாமைக்குத் தொழில்நுட்பம் சாராத ஒரு காரணமும் உண்டு. எம்.பி.3 முறைக்கான காப்புரிமைகளின் உரிமத்தை ஜெர்மனியின் பிரவுன்கோபர் நிறுவனமும் அதன் பங்காளர்களும் 2017 வரை விற்றுவந்தனர். எம்.பி.3ஐ விரிக்கும் திறந்த மூல நிரல்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. எனினும் வழக்குக்கு அஞ்சிப் பெடோரா அவற்றைச் சேர்க்கவில்லை; காப்புரிமைகள் காலாவதியாகிவந்த 2016, 2017ஆம் ஆண்டுகளிலேயே சேர்த்தது. அதுவரை பெடோரா பாடாதிருந்தது இயலாமையால் அன்று, அனுமதியின்மையால்.

2003இல் வெளியான எச்.264இற்கும் அதன் வழிவந்த எச்.இ.வி.சி.க்கும் இதுவே நிலை. காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்க, கட்டணம் திரட்டும் கூட்டமைப்புகள் அவற்றின் சார்பில் இயங்குகின்றன. 2022இல் பெடோரா, வரைகலைச் சில்லு வழியாக இவற்றை விரிக்கும் வசதியைத் தன் தொகுதியிலிருந்து நீக்கியது. முந்திய நாள்வரை இயங்கிய வசதி, வன்பொருளில் எம்மாற்றமுமின்றி மறைந்தது. அமெரிக்கச் சட்டச் சூழலில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவு, அதே வழங்கலை நிறுவிய யாழ்ப்பாணத்துக் கணினியிலும் உணரப்படும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பரிகாரம் வழங்கலுக்கு வழங்கல் வேறுபடும். உபுந்துவும் மின்றும் நிறுவும் வேளையிலேயே பல்லூடகக் கோடெக்குகளைச் சேர்க்கவா என வினவும்; அதனைக் கவனியாது கடந்தவர் பின்னர் உரிய தொகுதியைச் சேர்க்கலாம். பெடோராவில் ஆர்.பி.எம். பியூசன் என்னும் புறக் களஞ்சியத்தை இணைக்கவேண்டும். டெபியனின் முதன்மைக் களஞ்சியத்திலேயே எவ்.எவ்.எம்பெக் உண்டு.

5. கோப்பே குறைபட்ட நிலை

மேற்கூறியவை யாவும் சீராக இருந்தும் கோப்புத் திறவாவிடின் அதன் உள்ளமைப்பை ஐயுறவேண்டும். எம்.பி.4 கொள்கலனில் எந்தப் படம், எந்த ஒலித் துண்டு எங்குள்ளது எனக் காட்டும் அட்டவணை பொதுவாகப் பதிவு முடியும்போதே எழுதப்படும். பதிவின் நடுவே மின்சாரம் நின்றாலோ கமெராவின் பற்றரி தீர்ந்தாலோ அட்டவணை எழுதப்படாது போகும். இரண்டு மணிநேர நேர்காணல் முழுதும் வட்டில் இருந்தும் ஒரு நொடிகூட இயங்காது. 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிய நாட்டில் இது ஏட்டளவிலான இடர் அன்று.

இத்தகைய கோப்பை அழித்துவிடலாகாது. அதே கருவியில் அதே அமைப்பில் பதிவான முழுமையான கோப்பொன்றை மாதிரியாகக் கொண்டு, அட்டவணையை மீளக் கட்டும் 'அன்ட்ரங்க்' என்னும் திறந்த மூல நிரல் உண்டு. கணினியில் நேரடியாகப் பதிவு செய்வோர் எம்.கே.வி. எனப்படும் மத்ரோஸ்கா கொள்கலனைத் தெரிந்தால், பதிவு இடையில் அறுந்தாலும் அதுவரை பதிவானது இயங்கும்.

பழைய ரியல்ஓடியோக் கோப்புகளையும், வீடியோ இறுவட்டுகளின் டட் கோப்புகளையும், பழைய கைப்பேசிகளின் ஏ.எம்.ஆர். பதிவுகளையும் வழக்கொழிந்தவை எனத் தள்ளுதல் தவறு. அவற்றை வெளியிட்ட நிறுவனங்கள் கைவிட்ட பின்னரும் எவ்.எவ்.எம்பெக் அவற்றை விரிக்கிறது. பாமினி போன்ற ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தலைப்புகள், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தோன்றும். அவையும் பழுதல்ல, ஒருங்குறிக்கு மாற்றினால் பாடியவர் பெயரும் ஊரும் மீளக் கிடைக்கும்.

6. பேணலுக்குரிய தெரிவு

ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுவோர் முதற்படியைத் தர இழப்பின்றி ஆக்கவேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு 48 கிலோஹேட்ஸ், 24 பிற் ஆகும். இவ்வளவில் இரு தட ஒலி மணிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற் இடம் கொள்ளும். 2001இல் வெளியான பிளாக் முறையில் அதனைத் தரம் குன்றாது கணிசமாகச் சுருக்கலாம். ஒளிக்கு எவ்.எவ்.வி.1 கோடெக்கும் மத்ரோஸ்கா கொள்கலனும் ஏற்றன. இம்மூன்றின் வரையறைகளும் யாரும் படிக்கத்தக்க இணையப் பொறியியல் ஆவணங்களாக வெளியாகியுள்ளன: எவ்.எவ்.வி.1 2021இலும், மத்ரோஸ்காவும் பிளாக்கும் 2024இலும். கேட்போருக்கான சிறு படிகளுக்கு 2012இல் வரையறுக்கப்பட்ட ஓபஸ் போதும். எங்கும் இயங்கவேண்டின் எம்.பி.3உம் இன்று தடையற்றதே. ஏற்கெனவே எம்.பி.3 ஆக உள்ளதைப் பிளாக்காக மாற்றுவதால் இழந்த தரம் மீளாது என்பதையும் மனங்கொள்ளவேண்டும்.

திறந்த மூலம் என்பதே பேணலுக்கு உறுதியாகாது. பராமரிப்பார் இன்றிக் கைவிடப்பட்ட திறந்த மூல நிரல்களும் பலவுள. படிகளைப் பல இடங்களில் வைத்து, ஆண்டுதோறும் இயக்கிப் பார்க்கும் உழைப்பை எம்மென்பொருளும் நமக்காகச் செய்துவிடாது. ஆயினும் வரையறை வெளியான ஒரு முறையில் எழுதப்பட்ட கோப்பை, இன்றுள்ள நிரல்கள் யாவும் மறைந்த பின்னரும், அவ்வரையறையைப் படித்து எவரேனும் மீள இயக்கலாம். மூடிய முறையில் எழுதப்பட்டதன் வாழ்வு அதனை உடைய நிறுவனத்தின் இலாபக் கணக்கைச் சார்ந்தது. 1981இல் எரிந்த நூல்களுட் பலவற்றின் வேறு படிகள் பிறர் வீடுகளிலிருந்து கிடைத்தன. ஒருமுறையே பதிவான ஒரு கூத்துக்கோ மறைந்துபோன முதியவரின் குரலுக்கோ அத்தகைய மறுபடி இல்லை. ஆதலால் இயங்காத கோப்பை அழிக்குமுன் அது இயங்காமையின் காரணத்தை அறிதல் ஆவணப் பேணலில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.