நுரையீரல் பாதிப்பும் வெள்ளணுக்களின் கொழுப்புச் சவ்வும்

கடும் நிமோனியா, இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்று, கணைய அழற்சி, பெரும் விபத்து போன்றவற்றால் நுரையீரல் முழுவதும் அழற்சியுற்று, உடலுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமற்போகும் நிலையை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம். 1967-ஆம் ஆண்டில் 12 நோயாளிகளைக் கொண்டு இந்நிலை முதன்முதலில் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்நோயாளிகளின் உறவினர்கள் அடிக்கடி கேட்பது: “மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?” விடையை அறிய, வெள்ளணுக்களின் சவ்வைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

சவ்வின் பணி என்ன?

ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அது வெறும் உறையன்று. வேதிப்பொருள்களுக்கான சேமிப்பறையும் ஆகும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு கிருமியை எதிர்கொண்டதும், ஒரு நொதி அதன் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கிறது. அதிலிருந்து உருவாகும் லியூக்கோட்ரையீன், மேலும் பல வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு அழைக்கிறது. சிறு தொற்றில் இது நன்மையே. ஏ.ஆர்.டி.எஸ். நோயிலோ அந்த அழைப்பு எளிதில் அடங்குவதில்லை. திரண்ட வெள்ளணுக்கள் நுரையீரலின் நுண்ணறைச் சுவர்களைச் சிதைக்கின்றன. காற்று நிறைய வேண்டிய இடத்தில் நீர் நிறைகிறது.

மீன் எண்ணெய் உதவுமா?

மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளும் சவ்வில் சேர்கின்றன. அவற்றிலிருந்து அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் உருவாவதால், மருத்துவர்களும் அதில் நம்பிக்கை வைத்தனர். ஆனால் அமெரிக்காவில் 272 நோயாளிகளிடம் ஒமேகா-3 அடங்கிய ஊட்டக்கலவையைச் சோதித்த ஆய்வு, பயனில்லை எனக் கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2011-இல் வெளியான அதன் முடிவின்படி, கலவை பெற்றோர் வென்டிலேட்டர் உதவியின்றி இருந்த நாட்கள் குறைவாகவே இருந்தன.

உயிர் காப்பவை எவை?

அளவுக்கு மீறி விரியும் நுரையீரலில் அழற்சி மேலும் பெருகும். ஆகவே வென்டிலேட்டர் வழியாக ஒவ்வொரு மூச்சிலும் குறைந்த அளவு காற்றையே செலுத்துகிறோம். 2000-இல் வெளியான ஆய்வில், இம்முறை இறப்பை 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைத்தது. நோய் கடுமையாக உள்ளவர்களை நாள்தோறும் 16 மணி நேரமேனும் குப்புறப் படுக்கவைப்பதால், 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2013-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உங்கள் உறவினரை அந்நிலையில் காண நேர்ந்தால் அஞ்ச வேண்டாம்; அதுவும் சிகிச்சையே.

உறவினர்கள் செய்ய வேண்டியது

எந்த ஊட்டச்சத்து மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நோயாளி வீட்டில் உட்கொண்டுவந்த மாத்திரைகள், எண்ணெய்கள், சூரணங்கள் அனைத்தின் பட்டியலையும் முதல் நாளிலேயே மருத்துவரிடம் அளியுங்கள். சிகிச்சையைத் திட்டமிட அது பெரிதும் உதவும்.