பழைய பிக்கப் வண்டியில் ஹெட் கேஸ்கெட் மாற்றுதல்

திண்டுக்கல் ஜில்லா ஆத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சித்தையன்கோட்டையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், குடகனாற்றின் பாசனப் பகுதியில் அமைந்தவை. நெல், தென்னை, வாழை ஆகியவை இப்பக்கத்து முக்கிய வெள்ளாமைகளாம். முற்காலத்தில் இவ்விளைபொருள்களைச் சந்தை சேர்ப்பித்தது மாட்டு வண்டி. இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே செய்கின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கும், திண்டுக்கல் நகரத்துக்கும் விடியுமுன் பாரமேற்றிச் செல்லும் இவ்வண்டிகளில் பதினைந்து இருபது வருஷம் உழைத்தவை அநேகம்.

மாட்டுக்கு நோய் கண்டால் குடியானவர் அதன் கண்ணையும் அசையையும் பார்த்து அன்றே அறிந்து கொள்வார். என்ஜினுக்கும் அவ்வாறே அறிகுறிகள் உண்டு. அவற்றை அறியாமலோ, சந்தைக்கு நேரமாகிறதென்று அசட்டை செய்தோ ஓட்டுவதால் நேரிடும் நஷ்டங்களில் முதன்மையானது ஹெட் கேஸ்கெட் போவதாகும். கேஸ்கெட் சிறு விலையுள்ள தகடு. அது போன பின்பும் ஓட்டப்படும் வண்டியின் ஹெட்டோ பெருவிலையுள்ளது. இவ்விரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், ஓட்டுபவர் எத்தனை நிமிஷத்தில் வண்டியை நிறுத்தினார் என்பதையே பொறுத்திருக்கிறது.

கேஸ்கெட்டின் தொழில்

என்ஜினின் அடிப்பாகம் பிளாக் எனப்படும். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் இதில் அமைந்துள்ளன. இதன்மேல் மூடியாகப் பொருந்தி, வால்வுகளைத் தாங்குவது ஹெட். இவ்விரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் அமுங்கியிருக்கும் தகடே ஹெட் கேஸ்கெட். சிலிண்டருக்குள் எரியும் வாயு, சூட்டைத் தணிக்கும் தண்ணீர், தேய்மானத்தைத் தடுக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது இதன் தொழில். டீசல் என்ஜினில் காற்று அமுக்கப்படும்போதே சிலிண்டரில் அழுத்தம் 25 முதல் 35 பார் வரை ஏறும். எரியும் கணத்தில் இன்னும் பெரிதும் உயரும். பக்கத்திலுள்ள தண்ணீர் வழியிலோ அழுத்தம் சுமார் 1 பார் மாத்திரமே. இவ்விரண்டையும் பிரிப்பது தகட்டின் மெல்லிய விளிம்பு ஒன்றேயாம்.

இத்தகடு தானாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் மிதமிஞ்சிய சூடே அதைக் கெடுக்கிறது. அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் தன்மையுடையது. 450 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட், 80 டிகிரி சூடேறும்போது சுமார் 0.8 மில்லிமீட்டர் நீளும். அதன் கீழுள்ள வார்ப்பிரும்பு பிளாக் சுமார் 0.4 மில்லிமீட்டரே நீளும். வழக்கமான சூட்டில் இதைக் கேஸ்கெட் தாங்கும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளைந்து, தகட்டின் பிடி தளர்ந்து, வாயு வழி கண்டுபிடித்து விடும். ஹெட்டும் வார்ப்பிரும்பாகவே உள்ள பழைய என்ஜின்களில் வளைவு குறைவு. ஆனால் வெடிப்பு விழக்கூடும்.

அறிகுறிகள்

வெளியில் ஒழுக்கு ஏதுமின்றி ரேடியேட்டரில் தண்ணீர் நாள்தோறும் குறைதல். என்ஜின் நன்றாகச் சூடேறிய பின்பும் புகைக்குழலில் வெண்ணிற ஆவி நிற்காதிருத்தல். எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகத் தோன்றுதல். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிஷத்துக்குள்ளேயே மேல் ஹோஸ் கல்லைப் போல் விறைத்தல். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் வேலை செய்யாமல் வண்டி உதறுதல்: இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து காணப்பட்டால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வழியில் சூட்டுமானியின் முள் ஏறக் கண்டால் வண்டியை உடனே ஓரமாக நிறுத்துக. பாரத்தை வேறு வண்டிக்கு மாற்றுவதே லாபம். தாண்டிக்குடி, பன்றிமலை போன்ற மலையூர்களுக்கு ஏறும் வண்டிகள் இதில் விசேஷ ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. மூடியின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் நிற்கும். மூடி கழன்றவுடன் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்து விடும். சூடான என்ஜின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு; ஹெட் வெடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

என்ஜின் முற்றும் குளிர்ந்த பின்பு மூடியைத் திறந்து, கழுத்துவரை நீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். தொடக்கத்தில் சில குமிழிகள் வந்து அடங்குவது இயல்பு. இடைவிடாமல் குமிழிகள் வந்து கொண்டேயிருந்தால் வாயு தண்ணீர் வழியில் புகுகிறதென்று கொள்ளலாம். எனினும் ஹெட் வெடித்திருந்தாலும் இதே குறி தோன்றும். எண்ணெய்க் குளிர்விப்பான் ஒழுகினாலும் எண்ணெயும் நீரும் கலக்கும். ஆகையால் பட்டறையில் கம்ப்ரெஷன் அழுத்தத்தையும் அளந்தறிவது நலம்.

யார் செய்யலாம்

டீசல் பம்ப் செட்டின் ஹெட்டைக் கழற்றிப் பூட்டிய பழக்கமுள்ளவர், புஷ்ராடுகளால் வால்வுகளைத் தள்ளும் பழைய அமைப்பு என்ஜினில் இவ்வேலையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு நாள் அவகாசமும், நிழலுள்ள தூசியற்ற இடமும், உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். டைமிங் பெல்ட்டோ செயினோ ஹெட்டின்மேல் ஏறிச் செல்லும் என்ஜின்களில் ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்புவிப்பதே நன்று.

ஸ்பானர், சாக்கெட் வகைகளோடு இன்றியமையாத கருவிகள் மூன்று: டார்க் ரென்ச், ஃபீலர் கேஜ், கோணலற்ற எஃகு மட்டப்பலகை. இவையின்றிக் கை மதிப்பில் பூட்டும் வேலை நிலைக்காது. அந்தந்த என்ஜினின் கைப்புத்தகமும் அருகிலிருக்க வேண்டும்.

கழற்றும் முறை

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுக. குளிர்ந்த நீரைப் பாத்திரத்தில் வடித்துக் கொள்க. கூலன்ட் கலந்த நீர் இனிப்புச் சுவையுடையது, ஆனால் நஞ்சு. கன்றும் நாயும் குழந்தைகளும் அணுகாதபடி அதை மூடி வைக்க வேண்டும். பின்பு ஹோஸ்கள், காற்றுக் குழாய், மேனிபோல்டுகள், இன்ஜெக்டர் குழாய்கள் ஆகியவற்றை முறையே பிரித்து, திறந்த வாய்களையெல்லாம் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு துளி மணலும் இன்ஜெக்டருக்குப் பகையாம்.

ராக்கர் தண்டைக் கழற்றியபின் புஷ்ராடுகளை எடுத்து, ஓர் அட்டையில் துளையிட்டு எண்ணிட்டு, வரிசை மாறாமல் செருகி வைக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை இரு ஓரங்களிலிருந்து நடுநோக்கி, ஒரே மூச்சில் அன்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஹெட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் முகத்தில் வடு விழும். ஆகையால் மரக்கட்டையால் தட்டி அசைத்து, இருவராகத் தூக்குக.

சுத்தமும் அளவும்

வேலையின் பாதிக்கு மேற்பட்ட பலன் இக்கட்டத்தில் உள்ளது. பழைய கேஸ்கெட்டை எறியுமுன் நன்றாகப் பார்த்தால், விளிம்பு கருகிய இடம் வாயு சென்ற வழியைக் காட்டும். பழைய தகடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குத் தீராத கேடு செய்வது. உலரச் சுரண்டாமல், ஈரப்படுத்தி மழுங்கிய தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். மணல் காகிதம் வைத்துத் தேய்க்கலாகாது.

சுத்தம் செய்த ஹெட்டின்மேல் மட்டப்பலகையை நீளவாட்டிலும், குறுக்கிலும், இரு மூலைவாட்டிலும் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் இதழ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக நாலு சிலிண்டர் ஹெட்டில் 0.10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவு ஆகாது. எனினும் கைப்புத்தகம் கூறும் அளவே முடிவானது. வளைவிருப்பின் லேத் பட்டறையில் முகம் சீவி, வெடிப்புச் சோதனையும் செய்விக்க வேண்டும். பிளாக்கின் முகத்தையும் இவ்வாறே அளக்க வேண்டும். சிலர் இச்சோதனையைச் செலவென்று தள்ளி, வளைந்த ஹெட்டின் கீழ்ப் புதுத் தகட்டை வைத்துப் பூட்டுகிறார்கள். அத்தகடு நெடுநாள் நிற்பதில்லை.

டீசல் என்ஜின்கள் பலவற்றில் கேஸ்கெட் இரண்டு மூன்று கனங்களில் கிடைக்கும். கனத்தைக் காட்ட ஓரத்தில் சிறு வெட்டுகளோ துளைகளோ இடப்பட்டிருக்கும். பழைய தகட்டின் அடையாளத்தைப் பார்த்து, அதற்கொத்ததையே வாங்க வேண்டும்.

பூட்டும் முறை

பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருக்கலாகாது. திரவம் அமுங்காது, ஆதலால் போல்ட் இறங்கும்போது பிளாக்கையே பிளந்துவிடும். துளைகளைக் காற்றடித்து உலர்த்துக. முறுக்கிக் கோணமளந்து பூட்டும் வகை போல்ட்டுகளைப் பெரும்பாலும் மறுமுறை உபயோகிக்கலாகாது; புதியவை போட வேண்டும். தகட்டில் மேற்புறமென்று குறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும். கைப்புத்தகம் கூறாதவிடத்து அதன்மேல் பசை தடவுவது கூடாது.

பூட்டுவது கழற்றியதற்கு நேர்மாறு: நடுப் போல்ட்டில் தொடங்கி, மாறிமாறி ஓரங்களை நோக்கிச் செல்ல வேண்டும். குறித்த இறுக்கத்தை மூன்று தவணையாக ஏற்றுக. ரென்ச்சில் நியூட்டன்-மீட்டரும், பழைய புத்தகத்தில் கிலோகிராம்-மீட்டரும் இருப்பின், 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 9.81 நியூட்டன்-மீட்டர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். பின்பு வால்வு இடைவெளியைச் சரி செய்து, இன்ஜெக்டர்களின் செம்பு வாஷர்களைப் புதிதாக இட்டு, டீசல் வழியிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். அதன் எதிரில் கை வைக்கலாகாது. எண்ணெயும் பில்டரும் கட்டாயம் மாற்ற வேண்டும். தண்ணீர் கலந்திருந்ததாயின், சிறிது தூரம் ஓட்டியபின் மற்றொரு முறையும் மாற்றுக. பழைய வகைத் தகடுகளுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறு இறுக்கம் தேவைப்படும். பல அடுக்கு எஃகுத் தகடுகளுக்குச் சாதாரணமாக அது வேண்டுவதில்லை.

மூலகாரணம்

இத்தனையும் செய்து, சூடேறியதற்குக் காரணம் காணாமல் விடுவது வரப்பின் உடைப்பை அடைத்து மடையைத் திறந்தே வைப்பதை ஒக்கும். தளர்ந்த விசிறி பெல்ட், தேய்ந்த தண்ணீர் பம்பு, வலுவிழந்த ரேடியேட்டர் மூடி, அளவுக்கு மிஞ்சிய பாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் கெட்டால் புதிது போட வேண்டுமேயன்றி, எடுத்தெறிந்து விடுவது சரியன்று. அதனால் என்ஜின் தக்க சூட்டை எட்டாமல் தேயும்.

திண்டுக்கல் சமவெளியில் இவற்றிலும் பெரிய காரணம் தண்ணீரே. இப்பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. சோறு வடிக்கும் பாத்திரத்தில் படியும் அதே சுண்ணப் படிவு ரேடியேட்டரின் நுண்குழல்களிலும் படிகிறது. ஒரு மில்லிமீட்டர்ப் படிவும் சூடு வெளியேறுவதைப் பெரிதும் தடுக்கும். ஆகவே வடிநீரோடு கூலன்டைக் கைப்புத்தகம் கூறும் விகிதத்தில் கலந்து ஊற்றுவதே முறை. வயல் வாய்க்காலில் முகந்து ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

கிராமத்தார் கவனிக்கத்தக்கவை

ஒரு டார்க் ரென்ச்சைத் தனியொருவர் வருஷத்தில் இரண்டொரு நாளே உபயோகிப்பார். கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ இதனையும் மட்டப்பலகையையும் பொதுவில் வாங்கி வைத்து, கையொப்பம் பெற்றுக் கொடுத்து வாங்கினால் ஊர் முழுமைக்கும் உதவும். கழித்த எண்ணெயை வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் கொட்டாமல், டப்பாக்களில் சேர்த்து, மறுசுத்திக்கு எடுப்போரிடம் ஒப்புவிக்கும்படி கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பது நலம்.

ஒவ்வொரு வண்டியிலும் சிறு நோட்டு ஒன்று இருக்க வேண்டும். அடங்கலில் பயிரைப் பதிவது போல, தண்ணீர் ஊற்றிய தேதி, அளவு, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை அதில் எழுதி வருக. மாதத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் ஊற்றிய வண்டிக்கு வாரந்தோறும் அரை லிட்டர் தேவைப்படத் தொடங்கினால், அந்நோட்டே எச்சரித்து விடும். அப்போது செலவாவது ஒரு ஹோஸோ, மூடியோ, பெல்ட்டோ மாத்திரமே.